தாமிரபரணிக் கரையில் ஐந்து நாள்

பிப்ரவரி 10, 2025, திங்கள்

நெல்லை சந்திப்பில் திருச்செந்தூர் பாசஞ்சர் ஏறியபோது கால் வைக்க இடமில்லை. நாளை தைப்பூசம். பெட்டி முழுக்கப் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக இருந்தது. ஒரு பாட்டி காலை மடக்கிக்கொண்டு, "இங்கன இரிம்மா" என்று கொஞ்சம் இடம் விட்டார். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர் தாண்டி தாதன்குளம் வந்ததும் நான் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கம்தான் ஜல்லியும் மண்ணும் அடித்துப் போய், தண்டவாளம் கயிற்றேணி போல அந்தரத்தில் தொங்கியது. இப்போது புது ஜல்லி, புதுக் கரை. வண்டி வேகத்தைக் குறைக்காமலே போய்விட்டது.

நான் மதுரை மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். வெள்ளம் வடிந்த கையோடு டெபுடேஷனில் பத்து நாள் இந்தப் பக்கம் அனுப்பினார்கள். அந்தப் பத்து நாளும் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்சிசைக்ளின், ஓ.ஆர்.எஸ்., சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு. பக்கத்தில் நின்று சீட்டு எழுதிய செவிலியர்களின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. ஒருவர் மட்டும் நினைவிருக்கிறார். அவர் கட்டியிருந்த சேலை அளவுக்கு மிஞ்சிய ஆடம்பரமாக இருந்தது, பட்டு போல. முகாமுக்கு ஏன் இப்படி வருகிறார் என்று மனதுக்குள் நினைத்தேன். கடைசி நாள்தான் யாரோ சொன்னார்கள், அது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது, அவருடைய துணி எல்லாம் ஆற்றோடு போய்விட்டது என்று. அந்த நினைப்பு ஓராண்டுக்கு மேலாக என்னை விடவில்லை. அதனால்தான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த நாட்களில் ஊரைப் பார்த்துக்கொண்டவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள்? இது ஒன்றைத்தான் கேட்டுப் போக வந்தேன்.

அன்று வந்தது பெயர் வைத்த புயல்கூட இல்லை. குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட ஒரு வளிமண்டலச் சுழற்சி. டிசம்பர் 17 ஞாயிறு முதல் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டு முழுக்கச் சேர்த்தே சராசரியாக 70 செ.மீ. கிடைப்பதில்லை. வறண்ட மாவட்டம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் இறங்கினேன். ஸ்டேஷன் இருப்பது ஆற்றுக்கு இந்தப் பக்கம், புதுக்குடியில். செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு இங்கேதான் நின்றுபோனது. நாலா பக்கமும் தண்ணீர். கையில் இருந்த அரிசியைப் போட்டு ஊர்க்காரர்கள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். ஒரு கர்ப்பிணி உட்படச் சிலரை ஹெலிகாப்டரில் தூக்கிப் போனார்கள். நாடே அந்த ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் ஆற்றுக்கு இரு பக்கமும் இருந்த கிராமங்களில் எத்தனை கர்ப்பிணிகள், அவர்களுக்கு எது தேதி என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் கிராம சுகாதார செவிலியர்கள் மட்டும்தான்.

சாயங்காலம் பாலத்தில் நடந்தேன். அணைக்கட்டைத் தாண்டி விழும் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. நாணலுக்கு நடுவே இரண்டு பேர் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூச விடுமுறை. வழக்கமாகச் செவ்வாய் என்றால் கர்ப்பிணிகள் கூட்டம் நிற்கும் சுகாதார நிலையம் அமைதியாகக் கிடந்தது. வாசலில் ஒரு நாய், உள்ளே டியூட்டி ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர். ஊர் பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

24 மணி நேரமும் பிரசவம் பார்க்க மூன்று நர்ஸ்கள், மூன்று ஷிப்டு. ஏட்டில் அப்படித்தான். 17ஆம் தேதி மத்தியானம் ஷிப்டுக்கு வந்தவர் இவர். இரவு மாற்றி விட வேண்டியவர் வரவில்லை, வர வழியில்லை. அடுத்த நாளும் இல்லை. 20ஆம் தேதி மத்தியானம் ஒரு டிராக்டரில் இன்னொருவர் வந்து சேர்கிறவரை மூன்று நாள் இவர் ஒருவர்தான். கூட ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா.

"தண்ணி வராந்தாவுக்கு வந்துட்டு. நானும் அந்த அம்மாவும் தடுப்பூசி வைக்கிற ஐ.எல்.ஆர். பெட்டிய நகட்டப் பார்த்தோம், அசையல. சரின்னு ஊசி மருந்த மட்டும் கோல்டு பாக்ஸ்ல மாத்தி லேபர் டேபிள் மேல தூக்கி வச்சிட்டோம். அப்பந்தான் வலியோட ஒரு பிள்ளையக் கட்டில்ல வச்சித் தூக்கிட்டு வாராவ. டேபிள்ல இருந்த பெட்டிய எறக்கி எங்க வைக்க? அந்த அம்மா தலையில வச்சிக்கிட்டு நின்னா, பிரசவம் முடியிற மட்டும்."

செல்போன் வெளிச்சத்தில் நடந்த பிரசவம். 108க்குப் போன் போட்டால் டவரே இல்லை. பிள்ளை பிறந்ததும் அழுதது. "அதுக்கப்பறம்தான் எனக்கு அழுகை வந்துட்டு" என்றார். அவருடைய வீடு தூத்துக்குடியில், முத்தம்மாள் காலனி. கோரம்பள்ளம் குளம் உடைந்து நகரத்துக்குள் தண்ணீர் புகுந்தது என்ற செய்தி மட்டும் ஒரு டிராக்டர்க்காரர் வாய்வழி வந்திருந்தது. வீட்டில் ஏழு வயது மகனும் மாமியாரும். உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமலே இரண்டு நாள் ஊசி போட்டிருக்கிறார்.

மாடியில் ஏறி நின்றிருந்தார்கள், பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் 20ஆம் தேதி வீட்டுக்குப் போனவர் 22ஆம் தேதி காலை திரும்ப டியூட்டியில் இருந்தார். ஒப்பந்தப் பணி. லீவு கேட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். யாரும் மிரட்டவில்லை என்றார், யாரும் "நீ இருந்துட்டு வாம்மா" என்று சொல்லவும் இல்லை.

என் தொழிலில் பஃபர் ஸ்டாக் என்று ஒன்று உண்டு. மாதம் ஆயிரம் பாராசிட்டமால் செலவு என்றால் ஆயிரம் மட்டும் வாங்கி வைக்க மாட்டோம். லாரி வராமல் போகலாம், காய்ச்சல் கூடலாம். அதனால் கூடுதலாக ஒரு பங்கு எப்போதும் அலமாரியில் இருக்கும், அதைத் தொடாமல் வைத்திருப்போம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் வந்த பிறகு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் போட்டு, கிடங்கு வைத்து, மருந்துக்கு இந்த ஏற்பாட்டை எவ்வளவோ நேர்த்தியாகச் செய்துவிட்டோம். ஆளுக்கு அப்படி ஒரு பங்கும் கிடையாது. மூன்று ஷிப்டுக்கு மூன்றே பேர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே ஏடு கிழிகிறது, ஆறு கரை உடைத்தால் கேட்கவே வேண்டாம்.

மத்தியானம் ஏரல் போனேன். அருணாசல சுவாமி கோயில் அமாவாசைக்குத்தான் நிறையும், இன்று கடைத்தெரு சாதாரணமாக இருந்தது. வெள்ளத்தில் இந்த ஊரே தீவாகக் கிடந்தது, பாலத்தோடு சேரும் சாலை அறுத்துக்கொண்டு போனது. ஒரு மருந்துக்கடைக்காரர் சுவரில் தண்ணீர் நின்ற அளவைக் காட்டினார், என் தலைக்கு மேலே. கடையில் இருந்தது முழுக்க நனைந்து போனதாம். அவரிடம் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

புதன் என்றால் தடுப்பூசி நாள். தமிழ்நாட்டில் எந்தத் துணை சுகாதார நிலையத்துக்குப் போனாலும் புதன்கிழமை பிள்ளைகள் அழும் சத்தம் கேட்கும். ஏரலிலிருந்து உள்ளே வாழைத்தோப்புகளுக்கு நடுவே ஒரு ஊர். பஸ் இறங்கி ஒரு மைல் நடை. அந்தப் பட்டுச்சேலை அக்கா இங்கேதான்.

என்னைப் பார்த்ததும், "மருந்து குடுத்த பிள்ளல்லா நீ" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர் முகம் மறந்திருந்தது, அவருக்கு என் முகம் மறக்கவில்லை. ஐம்பத்தாறு வயது. கிராம சுகாதார செவிலியராக இருபத்தெட்டு வருடம். ஒரு துணை நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு, இவரிடம் அதற்கும் மேலே. பக்கத்து நிலையம் ஒன்று காலியாக இருப்பதால் அதையும் சேர்த்துப் பார்க்கிறார்.

வேலை நடக்கும்போது நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். கேரியரில் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைக்க மாட்டார். மேலே வியர்க்க வேண்டும், ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும், அப்புறம்தான். இல்லாவிட்டால் பென்டாவேலன்ட் தடுப்பூசி உறைந்து வீணாகிவிடும். ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் காட்டி, மருந்து சூடு பட்டதா என்று காட்டும் அந்தச் சின்னச் சதுரம் இன்னும் வெளுப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார். சதுரம் சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. 2023 டிசம்பர் 20 புதன்கிழமை இங்கே ஊசி இல்லை. 27ஆம் தேதி புதன்கிழமை, ஒரு வீட்டுத் திண்ணையில், தவறவிட்ட பிள்ளைகள் அத்தனை பேருக்கும் போட்டு முடித்திருக்கிறார். அப்போது அவர் தங்கியிருந்ததும் அதே திண்ணைதான்.

பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் போன பிறகு பேசினோம். 17ஆம் தேதி மத்தியானம் மழை பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு, மேலிருந்து தகவல் வருவதற்குக் காத்திராமல் நோட்டை எடுத்து உட்கார்ந்திருக்கிறார். அடுத்த பதினைந்து நாளுக்குள் தேதி உள்ள தாய்மார்கள் ஐந்து பேர். இருட்டுவதற்குள் மூன்று பேரை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். நாலாவது பெண் மாமியார் விடவில்லை, "மழைக்கு யாராச்சும் பிள்ளத்தாச்சிய வெளிய அனுப்புவாவளா" என்றாராம். ஐந்தாவது பெண் வீடு ஆற்றோரம், அங்கே போவதற்குள் சாலையில் தண்ணீர். அந்த இரண்டு பேரையும் 19ஆம் தேதி தூத்துக்குடி மீனவர்கள் கொண்டு வந்த படகில்தான் ஏற்றிவிட முடிந்தது. இரண்டும் பெண் குழந்தைகள். ஒன்று இன்று ஊசி போட வந்திருந்தது, நல்ல கொழுகொழு. அக்காவின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு தரவே மாட்டேன் என்றது.

"அந்த நோட்ட எப்படிக் காப்பாத்தினீங்க?"

"உரச்சாக்குக்கு உள்ள இருக்குமே, அந்த பிளாஸ்டிக் பைல சுத்தி, இடுப்புல கட்டிக்கிட்டேன். வேற எதையும் எடுக்கத் தோணல. எங்க வீட்டுல கிடந்து திட்டினாவ, நகைய எடுக்கலியேன்னு. மகளுக்கு அந்த வருசம் பன்னெண்டாங் கிளாஸ். அவ பொஸ்தகம் பூரா போயிட்டு."

ஆன்லைனில் எல்லா விவரமும் பதிவு செய்திருக்கிறது. கரண்டும் டவரும் இல்லாத ஆறு நாளில் அதைத் திறக்க முடியவில்லை. இடுப்பில் இருந்த நாற்பது பக்க நோட்டுதான் வேலைக்கு ஆனது. யாருக்கு ரத்தக்கொதிப்பு, யாருக்கு முந்தைய பிரசவம் ஆபரேஷன், யாருக்கு ரத்தசோகை, எல்லாம் அதில் சிவப்பு மையில் இருந்தது.

ஆறாம் நாள் சிக்னல் வந்ததும் வந்த முதல் அழைப்பு, "ரிப்போர்ட் ஏன் வரல" என்பது. யார் கேட்டது என்று அவர் சொல்லவில்லை. ஒரே எண்ணிக்கையை நாலு படிவத்தில், நாலு பேருக்கு, ஒரு நாளில் மூன்று முறை. சார்ஜ் போட இடமில்லாமல் டிராக்டர் பேட்டரியில் போனைப் போட்டு அனுப்பியிருக்கிறார். "சாப்பிட்டியான்னு கேட்டுட்டு ரிப்போர்ட்டக் கேட்டிருந்தாவன்னா எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். இதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் மாறியது, வீட்டுச் சுவர் விழுந்ததைச் சொன்னபோதுகூட மாறவில்லை. பேரிடர் காலத்தில் களப்பணியாளருக்கு நாளைக்கு ஒரு படிவம், ஒரு நேரம், ஒரே ஆள் கேட்பது என்று வைத்தால் போதும், அதற்குக் காசுகூடச் செலவில்லை. இதை ஓர் அதிகாரியாவது படித்தால் நல்லது.

கிளம்பும்போது நோட்டைக் காட்டினார். இது புதிது, 2024இல் போட்டது. கடைசிப் பக்கத்தைப் புரட்டியதும் நின்றுவிட்டேன். தாய்மார்கள் பட்டியல் இல்லை. சுற்றியுள்ள ஐந்து துணை நிலையங்களின் செவிலியர்கள், இடைநிலை சுகாதாரப் பணியாளர்கள், மருந்து கொண்டு போகும் தன்னார்வலர்கள், ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். ஒவ்வொரு பெயருக்கும் நேரே: வீடு தாழ்வா மேடா, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், கைக்குழந்தை உண்டா, படுத்த படுக்கையில் யாராவது இருக்கிறார்களா, மழை பிடித்தால் குடும்பம் யார் வீட்டுக்குப் போக வேண்டும், வேலைக்கு மாற்று யார். இவர்களே கூடிப் பேசி எழுதியது. 2024 டிசம்பரில் ஆறு மறுபடியும் பொங்கியபோது, இரண்டு பேர் பிள்ளைகளை முதல் நாளே இந்தப் பக்கத்தைப் பார்த்து மேட்டுத்தெருவுக்கு மாற்றிவிட்டார்களாம். "பிள்ள பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சா, ராத்திரி பூரா நின்னு வேல பாப்பா. தெரியலன்னா கை நடுங்கும். எனக்கு நடுங்கிச்சி."

நேற்று நான் அலமாரி, பஃபர் ஸ்டாக் என்று எழுதியதை, அவர் ஒரு பால்பாயிண்ட் பேனாவால் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 13, வியாழன்

ஆத்தூர். வெற்றிலைக்குப் பேர் போன ஊர், 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடிக்காலுக்குள் நுழைந்தால் வெயிலே தெரியாது. வெள்ளத்தில் கொடிக்கால்கள் அழுகிப்போனதும், மறுபடி நட்டு இலை பார்க்கக் காத்திருந்ததும் தனியே எழுத வேண்டிய கதை.

காலையில் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் ஒருவரோடு நடந்தேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாதா மாதம் வீட்டுக்கே மாத்திரை. 2024இல் ஐ.நா.வின் விருதுகூட இதற்குக் கிடைத்தது. வெள்ளம் என்றால் நாம் காலரா, எலிக்காய்ச்சல் என்று மட்டும் யோசிக்கிறோம். மாத்திரை பெட்டியோடு மிதந்து போனவருக்கு ஒரு வாரம் கழித்து வரும் பக்கவாதத்தை யாரும் வெள்ளச் சாவில் எழுதுவதில்லை. இந்தத் தங்கை அந்த வாரம் இடுப்பளவு தண்ணீரில் ஒரு குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார், குண்டானுக்குள் மாத்திரை. ஒரு தாத்தாவின் இன்சுலினை மண்பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டுக் காப்பாற்றியதைக் காட்டினார். பானை இன்னும் அங்கேயே இருக்கிறது.

அவருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை, சம்பளம் இல்லை. அந்த வாரத்துக்கென்று கூடுதலாக எதுவும் வரவில்லை. காலில் வந்த சேற்றுப்புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அந்தத் தண்ணீரில் நின்ற மற்றவர்களுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தவர், தானும் போட்டுக்கொண்டாரா என்று கேட்டேன். இல்லை. கணக்கில் பயனாளிக்குத்தான் எண்ணிக்கை இருந்தது, தனக்கு எடுத்தால் குறையும் என்று பயந்தாராம். மருந்தாளுநராக இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த எண்ணிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. களத்தில் இறங்குகிறவருக்கு முதல் மாத்திரை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மாலை புன்னக்காயல். பொதிகையில் பிறந்த ஆறு இங்கே கடலில் சேர்கிறது. 16ஆம் நூற்றாண்டில் தமிழ் படித்து எழுதிய அண்டிரிக் அடிகளார் இந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார் என்று ஒரு பெரியவர் பெருமையோடு சொன்னார். வெள்ளத்தில் இந்த ஊருக்குப் பல நாள் சாலை இல்லை. "எங்களுக்கு வள்ளம் இருந்திச்சி, நர்சம்மாவுக்கு வள்ளம் இல்ல. அதான் நாங்க போயிக் கூட்டிட்டு வந்தோம்" என்றார் அவர். முகத்துவாரத்தில் தண்ணீர் இரண்டு நிறமாக இருந்தது, நெடுநேரம் நின்று பார்த்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

காயல்பட்டினத்தில் இறங்கினேன், அதிக நேரமில்லை. ஜும்ஆ நேரம், கடைகள் பாதி சாத்தியிருந்தன. 95 செ.மீ. பெய்த ஊர் இது என்று தெருவைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தேன்.

வண்டியில் இன்று கூட்டமில்லை. குரும்பூர், நாசரேத், ஆழ்வார்திருநகரி என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. பையில் இருந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எங்கள் சுகாதார நிலையத்தின் பெயரை மேலே எழுதினேன். எங்கள் ஊருக்கு ஆறு இல்லை, பெரிய கண்மாய் இருக்கிறது. டாக்டர் இருவர், நர்ஸ் மூவர், லேப் டெக்னீஷியன், நான், தூய்மைப் பணியாளர் அக்கா. பெயர்களை எழுதி முடித்துவிட்டு நேரே என்ன எழுதுவது என்று பார்த்தால், யாருடைய வீட்டைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்காவோடு எட்டு வருடமாகத் தினமும் ஒரே நேரத்தில் டீ குடிக்கிறேன்.

தாதன்குளம் தாண்டியதும் சிக்னல் கிடைத்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பெருமழை பேஞ்சா உங்க வீட்டுக்குள்ள தண்ணி எந்தப் பக்கமிருந்து வரும்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "கிழக்க, கம்மாய்க் கரைப் பக்கமிருந்துதேன் வரும். போன தடவ அடுப்பு வரைக்கும் வந்துச்சு. ஏம்மா, மழைன்னு சொல்லிட்டாங்களா?" என்றார்.

இல்லை அக்கா, சும்மா கேட்டேன், இன்னும் சொல்லுங்க என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டேன்.